புதுக் கணினிக்குள் பழைய லினக்ஸைப் போட்டுவிட்டு லினக்ஸைத் திட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் பக்கத்தில் ஒருவர், விண்டோஸைப் போலவே கணினியை இயக்கும் இலவச மென்பொருளான லினக்ஸைப் பற்றி எழுதியிருந்தார். இலவசம் என்று அதைப் பாடசாலைக் கணினிகளில் போட்டுக் கொடுக்கிறார்கள், வைஃபை கூட வேலை செய்வதில்லை, பிள்ளைகளின் படிப்புத்தான் கெடுகிறது என்று கோபமாகச் சொல்லியிருந்தார். அவர் சொன்ன குறை பொய்யில்லை, அதையே நானும் என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் அவர் காட்டிய காரணம் சரியில்லை. அதை விளக்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் களுவாஞ்சிக்குடியில் இருக்கிறேன். சனிக்கிழமைகளில் பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையில் ஒரு கிராமத்து வாசிகசாலைக்குப் போய் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுப்பேன், சம்பளத்துக்கு இல்லை. அந்த ஊரிலிருந்து வெளிநாடு போனவர்கள் காசு சேர்த்து அங்கே எட்டுப் புதுக் கணினிகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். நல்ல கணினிகள். இன்டெல் 12ஆம் தலைமுறை ஐ3, எட்டு ஜிபி ரேம், எஸ்எஸ்டி வட்டு, உள்ளேயே வைஃபை கார்டு. விண்டோஸ் உரிமத்துக்குக் காசு மிஞ்சாததால் லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டு போட்டுக் கொடுத்தார்கள். அதில் எனக்குச் சந்தோஷமே. ஆனால் போட்டது உபுண்டு 16.04. யார் போட்டது என்று எழுதப் போவதில்லை, நல்ல மனதோடு செய்த வேலை அது, அலுமாரியில் இருந்த டீவீடீயை எடுத்துப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

உபுண்டுவின் இலக்கத்தைப் படிப்பது சுலபம். 16.04 என்றால் 2016ஆம் ஆண்டு நான்காம் மாதம் வெளிவந்தது. இந்த 12ஆம் தலைமுறை ஐ3 சந்தைக்கு வந்தது 2022 தொடக்கத்தில். அதாவது கணினியின் மூளை வருவதற்கு ஏறக்குறைய ஆறு வருடம் முந்திய மென்பொருளை அதற்குள் இருத்தியிருக்கிறார்கள்.

முதல் சனிக்கிழமை நான் கண்டதைச் சொல்கிறேன். பைத்தன் என்ற நிரல் மொழியில் ஆமை வரைதல் என்று ஒன்று இருக்கிறது, ஆமையை நகர்த்தச் சொல்லிக் கோடு கீற வைப்பது, சின்னப் பிள்ளைகளுக்கு நிரலாக்கம் பழக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஏழாம் வகுப்புப் பெடியன் ஒருவன் வட்டம் கீறும் கட்டளையை எழுதிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "சேர், நான் வட்டம்தான் கீறினேன், இது முட்டையா வருது" என்றான். போய்ப் பார்த்தால் உண்மையிலேயே முட்டைதான், இரண்டு பக்கமும் இழுத்துவிட்ட மாதிரிப் படுத்துக் கிடந்தது. அவனுடைய கட்டளையில் ஒரு பிழையும் இல்லை. திரை அமைப்பைத் திறந்து பார்த்தேன், 1024க்கு 768 என்ற ஒரே ஒரு அளவுதான் இருந்தது, வேறு எதையும் தெரிவு செய்ய முடியவில்லை. சதுரத்துக்குக் கிட்டிய பழைய காலத்துப் படத்தை அகலத் திரைக்கு இழுத்துக் காட்டினால் வட்டம் எப்படி வட்டமாக இருக்கும்?

பக்கத்தில் உயர்தரத்துக்குத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் பிள்ளை ஒன்று. டியூஷன் குறிப்பில் இருந்த நிரலை அப்படியே பார்த்துத் தட்டியிருக்கிறாள், மேற்கோள் குறிக்கு முன்னால் ஒரு எஃப் எழுத்தைப் போட்டு மாறியின் பெறுமானத்தை உள்ளேயே எழுதும் முறை. சின்டாக்ஸ் எரர் என்று வந்தது. அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். திரும்பவும் அதே எரர். நான் போகும்போது நாலாவது தடவையாகக் குறிப்பில் ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கு இது ஓடாது போல சேர், மறுகா பார்ப்பம்" என்று சொல்லிக் கொப்பியை மூடப் போனாள். அந்த எழுத்து முறை பைத்தன் 3.6இல் வந்தது. உபுண்டு 16.04இல் இருப்பது 3.5. அதற்கு அந்த எஃப் என்னவென்றே தெரியாது. பிழை பிள்ளையில் இல்லை, ஆனால் பிள்ளை பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டது. வைஃபை இல்லாதது, படம் இழுபடுவது எல்லாவற்றையும் விட எனக்கு இதுதான் தாங்க முடியாமல் இருந்தது, இன்றைக்கும் அப்படித்தான். கணினி புதிது, பளபளவென்று இருக்கிறது, அப்படியென்றால் எனக்குத்தான் விளங்கவில்லை என்று ஒரு கிராமத்துப் பிள்ளை நினைக்குமே, அதை எப்படி ஈடுசெய்வது?

சரி, வைஃபைக்கு வருவோம். இணைய இணைப்பு வாசிகசாலைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருக்கிறது, கேபிள் இழுக்க வசதி இல்லை, வைஃபைதான் கதி. மேலே வலது மூலையில் இருக்கும் குறியை அழுத்தினால் வைஃபை என்ற பேச்சே இல்லை. கடையில் கேட்டதற்குக் கார்டு பழுதாக இருக்கலாம், மாற்றித் தருகிறோம் என்றார்களாம். கார்டில் பழுது இல்லை. உள்ளே இருப்பது இன்டெல் ஏஎக்ஸ்200, 2019இல் வந்தது. அதை லினக்ஸ் அடையாளம் காண அதன் கருப்பகுதியான கேர்னல் 5.1 அல்லது அதற்குப் பிந்தியது வேண்டும் என்று இன்டெல்லே சொல்கிறது. 16.04 கொண்டு வந்தது கேர்னல் 4.4.

விண்டோஸில் பழகியவர்களுக்கு இந்த இடம்தான் விளங்குவதில்லை, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். விண்டோஸில் ஒரு பாகத்தை இயக்கும் சிறு மென்பொருளான டிரைவரை அந்தப் பாகத்தைச் செய்த நிறுவனம் தனியாகக் கொடுக்கும், பழைய விண்டோஸுக்கும் சில வேளை கொடுக்கும், நாம் இறக்கிப் போட்டுக்கொள்வோம். லினக்ஸில் பெரும்பாலான டிரைவர்கள் கேர்னலுக்குள்ளேயே வரும். கேர்னல்தான் பணிசெயல் முறைமையின் கரு, வன்பொருளோடு நேராகப் பேசுவது அதுதான். 2016இல் அச்சடித்த டீவீடீக்குள் இருக்கும் கேர்னலுக்கு 2016 வரைக்கும் உள்ள பாகங்களைத்தான் தெரியும். பழைய கல்லடிப் பாலம் மட்டும் இருந்த காலத்து வரைபடத்தை விரித்து வைத்துப் புதுப் பாலத்தைத் தேடினால் கிடைக்குமா? பாலம் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, வரைபடத்தில்தான் இல்லை.

திரைக்கும் இதே கதைதான். அமைப்புகளில் விவரம் என்ற பகுதியைத் திறந்தால் கிராபிக்ஸ் என்ற இடத்தில் எல்எல்விஎம்பைப் என்று ஒரு பெயர் நின்றது. இதைக் கண்டால் எவரும் கவனிக்க வேண்டும். கணினியில் உள்ள கிராபிக்ஸ் பாகத்தை லினக்ஸ் பயன்படுத்தவில்லை, படம் வரையும் வேலை முழுவதையும் புரொசசரே இழுத்துக்கொண்டு கிடக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதனால்தான் யூடியூபில் ஒரு பாடம் போட்டால் விட்டு விட்டு ஓடியது, மின்விசிறி இரைந்தது, மத்தியான வெயிலில் பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தால் சூட்டுக் காற்று. புதுக் கணினி பழைய கணினியை விட மெதுவாக ஓடுகிறது, லினக்ஸ் என்றாலே இப்படித்தான் என்று ஊரில் பேச்சு. லேப்டொப்பாக இருந்திருந்தால் ஒலியும் போயிருக்கும். டம்மி அவுட்புட் என்று காட்டிவிட்டுச் சத்தமே வராமல் இருக்கும் லேப்டொப்கள் எத்தனையைப் பார்த்துவிட்டேன்.

இதைச் சரிக்கட்ட நானும் முதலில் குறுக்கு வழிதான் தேடினேன். எல்லாம் கேர்னலில்தானே இருக்கிறது, புதுக் கேர்னலை மட்டும் பென் ட்ரைவில் கொண்டுபோய் பழைய உபுண்டுவுக்குள் போட்டால் போதாதா என்று நினைத்தேன். ஒரு சனிக்கிழமை முழுவதும் அதற்குப் போனது. புதுக் கேர்னல் எழும்பியது, வைஃபை கார்டையும் கண்டது, ஆனால் பொருத்தமான ஃபேர்ம்வேர் இல்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு நின்றுவிட்டது. கார்டுக்குள் ஏற்ற வேண்டிய சிறு கோப்பு அது, தனிப் பொதியாக வருவது, 16.04இன் பொதியில் அது இல்லை. திரையில் படம் வரைய மேசா என்று இன்னொரு மென்பொருள் அடுக்கு இருக்கிறது, அதுவும் புதிதாக வேண்டும். கேர்னல், ஃபேர்ம்வேர், மேசா மூன்றும் ஒரே காலத்தவையாக இருந்தால்தான் ஒன்றோடொன்று பேசும். ஒவ்வொன்றாக மாற்றப் போனால் கடைசியில் பழைய உபுண்டுவும் இல்லாத புது உபுண்டுவும் இல்லாத ஒன்று கையில் நிற்கும், அடுத்த முறை ஏதாவது பிழைத்தால் எவராலும் திருத்த முடியாது. உபுண்டுக்காரரே இதற்கு ஒழுங்கான வழி வைத்திருக்கிறார்கள், ஐந்து வருட ஆதரவுள்ள ஒவ்வொரு வெளியீட்டுக்கும் முதல் இரண்டு வருடம் போலப் புதுக் கேர்னலும் புது மேசாவும் சேர்த்துக் கொடுப்பார்கள். ஆனால் அதுவும் ஓரிடத்தில் நின்றுவிடும். 16.04க்கு அப்படிக் கிடைத்த கடைசிக் கேர்னல் 4.15. 5.1 வேண்டும் என்கிற கார்டுக்கு அது எங்கே காணும்.

பிறகு செய்ததைச் சொல்கிறேன். உபுண்டு 24.04ஐ இறக்கிப் பென் ட்ரைவில் எழுதிக்கொண்டு அடுத்த கிழமை போனேன். நிறுவுவதற்கு முன்பு, பென் ட்ரைவிலிருந்தே ஓட வைத்துப் பார்க்கும் வசதி இருக்கிறது, வட்டில் ஒன்றும் எழுதாது. அப்படியே எழுப்பினோம். திரை முழு அகலத்துக்கு வந்தது. வைஃபை பட்டியலில் பக்கத்துக் கட்டடத்தின் பெயர் தெரிந்தது. எல்எல்விஎம்பைப் இருந்த இடத்தில் இன்டெல் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் நிறுவத் தொடங்கினேன், பின்னேரம் ஆவதற்குள் எட்டும் முடிந்தது. அந்தப் பெடியன் வந்து முதல் வேலையாக வட்டம் கீறிப் பார்த்தான், திரையில் அடிமட்டத்தை வைத்து நீளத்தையும் அகலத்தையும் அளந்தான். மற்றப் பிள்ளையின் நிரல் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஓடியது.

காசு ஒரு சதமும் செலவாகவில்லை. ஆனால் டேட்டா செலவானது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஏனென்றால் இந்தப் பழைய டீவீடீக்கள் அலுமாரியில் இருந்து வெளிவருவதற்கு உண்மையான காரணமே அதுதான் என்று நான் நினைக்கிறேன். 16.04இன் கோப்பு ஏறக்குறைய ஒன்றரை ஜிபி. 24.04 ஆறு ஜிபிக்குக் கிட்ட வருகிறது. சாதாரண டீவீடீ ஒன்றில் 4.7 ஜிபிதான் கொள்ளும், ஆகவே புதியதை டீவீடீயில் எழுதவும் முடியாது, புதுக் கணினிகளில் டீவீடீ போடும் இடமும் இல்லை. படுவான்கரையில் சிக்னல் தேடி மரத்தடிக்குப் போகும் ஊர்களில் இருப்பவர் போன் டேட்டாவில் ஆறு ஜிபி இறக்குவாரா, கையில் இருப்பதைப் போடுவாரா? அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. லினக்ஸ் மின்ட் 22 இதில் பாதி அளவுதான், அதுவும் உபுண்டு 24.04ஐ அடியாகக் கொண்டதுதான், டேட்டா குறைவானவர்கள் அதை எடுக்கலாம்.

பழையதை வைத்திருப்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. பத்து வருடத்துப் பழைய கணினியில், இணையம் தொடாமல், ஒரே ஒரு வேலைக்கு ஓடிக்கொண்டிருக்கும் பழைய லினக்ஸை எதற்காகக் கலைக்க வேண்டும், அது பாட்டுக்கு இருக்கட்டும். வெறும் கேர்னல் இலக்கத்தை மட்டும் பார்த்தும் முடிவெடுக்கக் கூடாது. ரெட் ஹாட் போன்ற நிறுவனங்கள் பழைய இலக்கமுள்ள கேர்னலுக்குள் புது டிரைவர்களைப் பின்னோக்கிச் சேர்த்துக் கொடுக்கிறார்கள், பத்து வருடம் பார்த்துக்கொள்கிறார்கள். உபுண்டுவிலும் புரோ என்று ஒரு திட்டம் இருக்கிறது, தனிப்பட்ட பாவனைக்கு ஐந்து கணினி வரை இலவசம், பழைய வெளியீட்டுக்கும் பத்து வருடம் வரை பாதுகாப்புத் திருத்தம் வரும். ஆனால் அது பாதுகாப்புத் திருத்தம் மட்டும்தான், புது வைஃபை கார்டை அடையாளம் காட்டித் தராது. வாசிகசாலைக் கணினியில் ஊர்ச் சனம் அடையாள அட்டை இலக்கம் கொடுத்து விண்ணப்பம் போடுகிறார்கள், பரீட்சைப் பெறுபேறு பார்க்கிறார்கள், வங்கிக் கணக்கையும் திறப்பார்கள். 16.04இன் வழமையான ஆதரவு 2021 சித்திரையில் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு கண்டுபிடித்த ஓட்டை எதையும் அடைக்காத கணினியில் சனத்தை இருத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இலவசம் என்றால் இப்படித்தான் என்று அந்த வாசகர் எழுதிய வரிக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். 2004 மார்கழி 26ஆம் திகதி சுனாமி நம்முடைய கரையை அழித்தபோது, காணாமல் போனவர்களையும் முகாம்களையும் நிவாரணத்தையும் பதிந்து வைக்க இந்த நாட்டுக் கணினிக்காரர் சேர்ந்து சகானா என்ற மென்பொருளை எழுதினார்கள். எவரும் எடுத்துப் பாவிக்கவும் மாற்றவும் கூடிய கட்டற்ற மென்பொருளாகத்தான் எழுதினார்கள், பிறகு வேறு நாடுகளில் அனர்த்தம் வந்தபோதும் அது உதவியது. கல்லடியிலும் நாவலடியிலும் கல்முனையிலும் திருக்கோவிலிலும் சொந்தங்களைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் வாசிக்கும் பத்திரிகையில் இலவச மென்பொருள் உதவாக்கரை என்று போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

இப்போது இதை எழுத இன்னொரு அவசரமும் இருக்கிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஐப்பசி 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் நம் பக்கத்தில் நிறைய. பாடசாலைகளும் சனசமூக நிலையங்களும் லினக்ஸுக்கு மாறலாமா என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள், கேட்பவர்களுக்கு யாராவது பழைய டீவீடீயைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். புதுக் கணினி வாங்கிக் கொடுக்கும் வெளிநாட்டு உறவுகளிடமும் சங்கங்களிடமும் நான் கேட்பது ஒன்றுதான். விலைப்பட்டியலில் ரேம் எவ்வளவு, வட்டு எவ்வளவு என்று எழுதுகிறீர்களே, அதற்குக் கீழே எந்த லினக்ஸ், எந்த வெளியீடு, ஆதரவு எப்போது முடிகிறது என்று இன்னும் ஒரு வரி எழுதச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது புது லினக்ஸ் உள்ள பென் ட்ரைவைக் கொண்டுபோய், காசு கொடுக்க முதல் அந்தக் கணினியை அதில் எழுப்பிப் பாருங்கள், வைஃபை, ஒலி, திரை மூன்றையும் அங்கேயே சோதியுங்கள். ஐந்து நிமிட வேலை. லேப்டொப்பில் வட்டே தெரியவில்லை என்றால் பயந்து திருப்பிக் கொடுக்க வேண்டாம், கணினி எழும்பும்போது திறக்கக்கூடிய பயாஸ் அமைப்பில் சேமிப்பு முறை ஆர்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள், ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். விண்டோஸ் உள்ளே இருந்தால் மட்டும் அதைச் சும்மா மாற்றிவிடாதீர்கள், விண்டோஸ் எழும்பாமல் போகும்.

வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டு இடத்திலும் நமக்கெல்லாம் கனவிலும் கிடைக்காத இணைய வேகம். லினக்ஸின் புது வெளியீடுகளை இறக்கி வைத்து, பென் ட்ரைவோடு வருகிற ஆசிரியர்களுக்கும் வாசிகசாலைக்காரர்களுக்கும் பிரதி எடுத்துக் கொடுத்தால் அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு பின்னேரம்தான் செலவாகும். பொத்துவிலில் இருந்தும் வெல்லாவெளியில் இருந்தும் ஆள் வரும். இதை அவர்கள் காதில் விழும்படி உங்கள் பத்திரிகை எழுத வேண்டும்.

அதுவரைக்கும் என்னிடம் நாலு பென் ட்ரைவ் இருக்கிறது. உபுண்டு ஒன்று, மின்ட் ஒன்று, ரேம் குறைந்த பழைய கணினிகளுக்கு லுபுண்டு ஒன்று, இன்னொரு லினக்ஸ் வகையான டெபியன் ஒன்று. கடிதம் எழுதிய வாசகர் தன்னுடைய பாடசாலைக் கணினிகளில் போட்டிருப்பது எந்த வெளியீடு என்று பார்த்து உங்களுக்கு எழுதினால், தயவுசெய்து எனக்கு அறிவியுங்கள். நான் வந்து பார்க்கத் தயார். சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து வாசிகசாலையில் இருப்பேன், மற்ற நாட்களில் பின்னேரம் ஐந்துக்குப் பிறகு வர முடியும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்,
களுவாஞ்சிக்குடி, மட்டக்களப்பு.